அலமாரிக் கதவில் எழுதிய தொகை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும். நம் வீட்டில் ஒருவர் பின்னறையில் தும்மினால் முன்னறையில் இருப்பவர் கைக்குட்டையைத் தேட வேண்டும், உனக்குத் தெரியாததா. அதோடு நான் அப்பா என்று ஆரம்பித்தாலே உனக்கு வேலை வந்துவிடுகிறது, வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் பிறகு எடுத்துப் படிப்பாய்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் காலில் அடி. எலும்பு முறியவில்லை, பயப்படாதே. போன வியாழக்கிழமை காய்கறி மார்க்கெட்டில் பெட்டி இறக்கும்போது ஒன்று கை நழுவி வலது பாதத்தில் விழுந்துவிட்டது. இரண்டு வாரம் கால் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். உன் அப்பா அவரிடமும் பேரம் பேசிப் பத்து நாளாகக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது முன்னறையில் காலை முக்காலி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் நூலும் பொத்தானும் வாங்கப் பட்டியல் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கார் ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடிப்பவருக்கு மார்க்கெட்டில் என்ன வேலை என்றுதானே யோசிக்கிறாய்? எட்டு மாதமாகப் போகிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், நானும் சொல்லவில்லை. விடியும் முன்னே போய் எட்டு மணி வரைக்கும் பெட்டி இறக்குகிறார். வந்து குளித்துவிட்டு ஒன்பதுக்கு ஒர்க்‌ஷாப். ஐம்பத்தாறு வயதில் இது தேவையா என்று நானும் கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். போன மாதம் ஒரு வண்டியின் கதவுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்துவிட்டாராம், முதல் தடவை அடித்ததே நினைவில்லாமல். முதலாளி பழக்கத்துக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். இனியும் பொறுப்பார் என்று தோன்றவில்லை.

எல்லாம் அந்தத் தொகைக்காக. துணி அலமாரியின் கதவைத் திறந்தால் உள்பக்கம் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார், ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். நீ வேலைக்குக் கிளம்பிப் போன அன்று அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாய். அதற்கு மூன்றாம் நாள் குடியை நிறுத்தினார். நிறுத்தின வாரமே உட்கார்ந்து போட்ட கணக்கு அது. சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மாதம் எட்டாயிரம் கையில் இருந்ததாம். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், பத்து வருஷம். இவ்வளவையும் குடித்தேன், என் பிள்ளைக்குச் சேர வேண்டியதைக் குடித்தேன், சாவதற்குள் அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று அன்றைக்குச் சொன்னார். ஏதோ வேகத்தில் சொல்கிறார், ஒரு மாதம் தாங்காது என்று நினைத்தேன். பதினாலு மாதம் ஆகிவிட்டது.

ஒரு சொட்டு தொடவில்லை, அது உண்மை. ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் இந்த வீட்டில் யாரும் சத்தம் போட முடியாது. ஆறு மணிக்குத்தானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். இப்போது அந்த நேரத்துக்கு இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். ஏழு மணிக்கு எழுந்து முகம் கழுவுவார். அந்த ஒரு மணி நேரம் நான் தையல் மெஷினைக்கூட மிதிப்பதில்லை.

முதல் தவணையாக உனக்கு அனுப்பிய ஐம்பதாயிரத்தை நீ திருப்பி அனுப்பியது வந்து சேர்ந்தது. கூட எழுதியிருந்த வரியையும் படித்தார். அம்மா தைத்த காசில் வளர்ந்தவள் நான், இந்தப் பணம் எனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தார். "நான் வேலை செஞ்சு சேர்த்ததுதானே, இதுலயும் நாத்தம் அடிக்குதா?" என்று என்னைக் கேட்டார். மறுநாள் மார்க்கெட் மேஸ்திரியிடம் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவருக்கு ஓய்வு நாளே இல்லை. மூன்றாவது வாரம்தான் பெட்டி விழுந்தது.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. பழி என்மேல்தான். எப்படி எழுதுவது என்று தெரியாமல் காலையிலிருந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன், இதிலாவது எழுதிவிடுகிறேன்.

நீ கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறாய். ஊரில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் வரவு செலவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாய். ஒரு பள்ளிச் சீருடை தைத்தால் எனக்கு என்ன கூலி என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் பொத்தான் கட்டியிருக்கிறாய். அந்தக் கூலியில் மூன்று வருஷக் கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் வருமா என்று நீ ஒரு நாளாவது பெருக்கிப் பார்த்தாயா? தையலில் சேர்த்தேன் என்று நான் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட்டாய். தையல் காசு வாடகையில் பாதிக்குத்தான் வந்தது.

உன் படிப்புக்குக் கட்டியது அப்பாவின் பணம். அவருக்கே அது தெரியாது.

காலையில் துவைக்கப் போடும்போது அவர் சட்டைப் பையிலிருந்து எடுப்பேன். முழுவதும் எடுக்க மாட்டேன். நூறு இருந்தால் முப்பது, நாற்பது. சில்லறையை விட்டுவைப்பேன், சந்தேகம் வராமல் இருக்க. எழுந்ததும் பையைத் தடவிப் பார்ப்பார். இவ்வளவையுமா குடித்தோம் என்று முகம் தொங்கிவிடும். என்னைக் கேட்கவும் வாய் வராது. நான் அதைப் பார்த்துக்கொண்டே காபியை வைத்துவிட்டுப் போவேன். மாதத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு தேறும். பத்து வருஷத்தில் மூன்று லட்சம். அந்தக் கதவில் எழுதியிருக்கும் ஒன்பது லட்சத்து அறுபதில் மூன்று லட்சத்தை அவர் குடிக்கவே இல்லை. நீ படித்துவிட்டாய், மிச்சத்தில் வீடு ஓடியது.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அவர் நிறுத்தின பிறகு வீட்டுக்கு முன்னால் கொடுத்ததையேதான் இப்போதும் கொடுக்கிறார், மிச்சம் மொத்தமும் உன் பேரில் போகிறது. எனக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு துண்டு விழுகிறது. புருஷன் குடியை நிறுத்தியதால் கை கடிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வேன், சொல். மாடிவீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கொடுத்து வைத்தவள் என்கிறாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவளிடமே கைமாற்று கேட்கிறேன்.

பணம் எடுத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. எடுக்காவிட்டால் அதுவும் கடையில்தான் போயிருக்கும். ஆனால் ஒன்று இருக்கிறது. நீ கடைசி வருஷம் தேர்வுக் கட்டணம் கேட்டு எழுதியிருந்தாயே, அந்த வாரம். அப்பா நாலு நாளாகக் கடைப் பக்கமே போகவில்லை. தானாகவே சும்மா இருந்தார். புத்தி தெளிந்த மனுஷனின் பையில் கை விட முடியாது, ஒவ்வொரு நோட்டும் அவருக்கு நினைவு இருக்கும். கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. நாளைக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள், சேர்த்ததில் இன்னும் நூறு ரூபாய் குறைந்தது. ஆறு மணி ஆயிற்று. அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு தினமும் குடிக்கப் போகும் லேத் பட்டறைக்காரர் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். நான்தான் கேட்டேன். "லேத்து வந்து நிக்கிறாரே, நீங்க போகலையா?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் அவர் பையிலிருந்து எடுத்து நான் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். அந்த நாலு நாள் அப்படியே நீண்டிருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே விட்டிருப்பாரோ என்னவோ. அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் விளக்கை அணைத்ததில்லை.

பதினாலு மாதமாக ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம் ஒரு பக்கம். அதோடு, அவர் தலை குனிந்து நடப்பது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. உன்னிடம் நல்ல பெயர் எனக்கு மட்டும் கிடைத்ததும் பிடித்திருந்தது. எழுதவே கூசுகிறது. இப்போது இரண்டுமே சுமையாகிவிட்டது, களைத்துப் போனேன்.

கட்டின ரசீதுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, நூல் டப்பாவின் அடியில். அடுத்த திங்கட்கிழமை மறுபடி மார்க்கெட்டுக்கு வருவதாக அப்பா மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் காலோடு போனால் திரும்பி வரமாட்டார். அதனால் சனிக்கிழமை சொல்லிவிடப் போகிறேன். ரசீதுகளை அவர் மடியில் வைத்து, மூன்று லட்சத்தைக் கதவில் கழித்து எழுதச் சொல்லப் போகிறேன். அந்த ஆறு மணியையும் சொல்லத்தான் வேண்டும். அதை மட்டும் மறைத்தால் இன்னொரு பத்து வருஷம் என்னால் ஓட்ட முடியாது.

கேட்டுவிட்டு என்ன செய்வாரோ தெரியாது. என்னை அடிக்க மாட்டார், குடித்த காலத்திலும் அடித்ததில்லை. ஆனால் கடை இன்னும் அதே தெருமுனையில்தான் இருக்கிறது, மருந்துக்கடைக்கு அடுத்த கதவு. ஒரு காலை இழுத்துக்கொண்டு போனாலும் ஐந்து நிமிஷம் ஆகாது. இந்தத் தடவை போனால், அன்றைக்குப் பணத்துக்காகப் போகச் சொன்னவள் நான் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள். என்மேல் கோபப்பட்டால் கோபப்படு, அதற்கு நிறைய நாள் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொள் என்றுகூட நான் சொல்லவில்லை, அது நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டியது. எனக்கு நீ ஒன்றே ஒன்று செய். நான் ஐந்து மணிக்குச் சொல்லத் தொடங்குவேன். ஆறு மணிக்கு முன்னால் போன் செய். நான்தான் எடுப்பேன். எப்படி இருக்கிறாய் அம்மா என்று என்னைக் கேட்காதே. அப்பா இருக்கிறாரா, அவரிடம் கொடு என்று சொல். ஏழு மணி வரைக்கும் அவரிடம் எதையாவது பேசிக்கொண்டிரு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா