மூன்றாம் மாடியில் பரவும் இன்புளுவென்சாக் காய்ச்சல் பற்றி

அனுப்புநர்:
திருமதி புஸ்பவதி செல்வராசா,
முதியோர் இல்லப் பராமரிப்பு உதவியாளர்,
ஹம், ஜேர்மனி.

பெறுநர்:
தொற்றுநோய்ப் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்கள்,
நகரச் சுகாதார அலுவலகம்,
ஹம்.

பொருள்: நான் வேலை செய்யும் இல்லத்தில் ஒருவர் இறந்ததும், ஐவர் நோயுற்றிருப்பதும், அதில் என் பங்கும்.

மதிப்புக்குரிய ஐயா,

என் ஜேர்மன் மொழி வேலைக்கு மட்டுமே காணும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். மகள் சிவசக்தியின் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். எந்தச் சொல்லையும் மென்மையாக்கக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

1. இம்மாதம் 6ஆம் திகதி எனக்குத் திடீரென 39 பாகைக் காய்ச்சலும் வறட்டு இருமலும் அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலியும் வந்தன. மறுநாள் குடும்ப வைத்தியர் மூக்கில் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இது வைரசு, அன்ரிபயோட்டிக் இதற்குக் கேளாது, ஓய்வெடுத்து நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஒரு கிழமைக்கு முதியவர்களை நெருங்க வேண்டாம் என்றார். மஞ்சள் நிற நோய்விடுப்புச் சீட்டும் தந்தார்.

2. அதைத் தொலைபேசியில் அறிவித்தபோது, மூன்றாம் மாடிக்கு வேறு ஆள் இல்லை என்றும், என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிவதை மறக்க வேண்டாம் என்றும் மேற்பார்வையாளர் கூறினார். சீட்டைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, காய்ச்சலுக்கு இரண்டு பனடோல் மாத்திரை விழுங்கி, செவ்வாய் முதல் நான்கு நாள் வேலைக்குப் போனேன்.

3. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. சளித் தடிமனும் காய்ச்சலும் பனிக்காற்றால் வருவதென்றுதான் எங்கள் வீடுகளில் நம்புவோம். வைத்தியர் சொன்ன பிறகும் என் கை அந்தப் பழக்கத்தையே செய்தது. காலையில் யன்னல்களைத் திறந்து காற்று மாற்றுவது இல்லத்தின் விதி. 84 வயதான திருமதி கெஸ்லரின் அறையில் நான் யன்னலைப் பூட்டினேன். பனி படாமல் அவர் தலையைச் சுற்றிக் கம்பளிச் சால்வை கட்டி, முகத்தோடு முகம் வைத்து அமர்ந்து சூப் பருக்கினேன். இடையிடையே இருமினேன். அன்பாகத்தான் செய்தேன்.

4. வெள்ளி மாலை முடிவு வந்தது: இன்புளுவென்சா. உடனே மேற்பார்வையாளருக்குச் சொன்னேன். வெளியே சொல்ல வேண்டாம் என்றார். சனிக்கிழமை திருமதி கெஸ்லருக்குக் காய்ச்சல் கண்டது. இல்லத்து வைத்தியர் நேரில் பாராமலே அன்ரிபயோட்டிக் எழுதினார். திருமதி கெஸ்லருக்கு மூச்சு இழுத்தது, உதடு நீலமானது. 16ஆம் திகதி இறந்துவிட்டார். முதுமை, இருதய பலவீனம் என்று இல்லத்தில் எழுதிக்கொண்டார்கள். எவருடைய மூக்கிலும் சளி எடுக்கப்படவில்லை.

5. இம்மனுவை எழுத வேண்டாமென்று என் கணவர் தடுத்தார். "செத்த மனிசியை எழுப்பப் போறீரோ? எங்கட விசாவை யோசியும்" என்றார். அவர் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த மாடியில் இன்னும் ஐந்து பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள். இருவருக்கு நேற்று மாலைதான் காய்ச்சல் தொடங்கியது. வைரசுக்கான மருந்தை இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்று என் வைத்தியர் கூறினார். நாளை சனிக்கிழமை. உங்கள் அலுவலகம் பூட்டியிருக்கும்.

6. எனவே இன்றே ஒரு வைத்தியரை அனுப்பி ஐவரையும் பரிசோதிக்கவும், நோயுற்றவர்களைத் தனியறைகளில் வைக்கவும், காய்ச்சலோடு இருக்கும் ஊழியர்களை வேலைக்கு அழைப்பதை நிறுத்தவும் கட்டளையிடுமாறு பணிவாகக் கேட்கிறேன். என் நோய்விடுப்புச் சீட்டும் பரிசோதனை முடிவும் இல்லத்தின் முகவரியும் இத்துடன் உள்ளன. எனக்குரிய தண்டனையைப் பிறகு தீர்மானியுங்கள்.

7. நேற்று அறையை ஒழிக்க வந்த திருமதி கெஸ்லரின் மகள் என் கையைப் பிடித்து அழுதார். உங்களுக்கே சுகமில்லாதபோதும் அம்மாவை விட்டுப் போகவில்லையே என்று நன்றி சொன்னார். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். அவர் தாய் எதனால் இறந்தார் என்பதைத் தயவுசெய்து அவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதில் என் பெயரையும் எழுதுங்கள்.

இன்றைக்குள் ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்து,
புஸ்பவதி செல்வராசா
(கையொப்பம்)

இடம்: ஹம்
திகதி: 18.02.2005