திருகாணியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை

ஆகஸ்டு 9, ஞாயிறு, காலை ஆறு இருபது. இதுவரை கடித்துத் துண்டாக்கப்பட்ட கயிறுகள்: மூன்று.

பாப்பாவுக்கு,

நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம், உன் அம்மாவின் இடது முட்டியைத் தவிர. நீ நலம் என்பதை அவள் வாய் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறேன். அவளோடு தினமும் அரைமணி நேரம் பேசுகிறாய், போன் என் கைக்கு வந்தால் "சாப்டியாப்பா, சரிப்பா, வெச்சிடறேன்ப்பா" என்று முடிந்துவிடுகிறது. உனக்கும் எனக்கும் இருபத்தொரு வயதுதான் வித்தியாசம், என்னைப் பென்ஷன் வாங்குகிற ஆள் மாதிரி நடத்தாதே. போனில் கத்தினால் சத்தத்தைக் குறைத்துவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். உன் ஸ்வெட்டர் பார்சலில் இதையும் வைக்கிறேன், ஸ்வெட்டரை மட்டும் உருவிக்கொண்டு இதைத் தூக்கிப் போட்டுவிடாதே. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படிக்கப் பொறுமை இருக்காது உனக்கு, அந்த விஷயத்தில் மட்டும் என்னை உரித்து வைத்திருக்கிறாய். நாயைக் கொடுக்க மாட்டேன். நேற்று நீ அனுப்பிய ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டேன்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் இறக்கினாய். உள்ளே இந்தக் குட்டி. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? இல்லை. "பாவம்ப்பா, ரோட்ல கிடந்துச்சு" என்றாய், அதோடு விவாதம் முடிந்தது. பிறகு பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பிவிட்டாய், குட்டி எங்கள் தலையில். நீ வைத்துவிட்டுப் போன பேர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. கயிற்றை மாட்டினால் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து என்னைக் கட்டிப்போட்டுவிடுகிறது, அதனால் திருகாணி என்று கூப்பிட்டேன், இப்போது அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறது. உனக்கு வருத்தமாக இருந்தால் இருக்கட்டும். கயிற்றில் நடக்கப் பழக்கச் சொல்லி வீடியோ வீடியோவாக அனுப்பினாய். அதில் ஒரு அம்மா வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டு புல்தரையில் நடக்கிறார், நாய் நிழல் மாதிரி கூடவே வருகிறது. அது நாய்க்குட்டியா இல்லை நடிக்கவென்றே பிறந்ததா என்று எனக்குச் சந்தேகம். "கயிறைக் கடிச்சா திட்டாதீங்கப்பா, கவனத்தை வேற பக்கம் திருப்புங்க" என்றாய். திருப்பினேன். என் வேலைச் செருப்புப் பக்கம் திரும்பியது, இப்போது அந்தச் செருப்புக்கு வார் கிடையாது.

காலையில் தெருவில் இறங்கினால் கழுத்துப் பட்டை நெரிக்க நெரிக்க முன்னால் இழுக்கிறது, மூச்சு முட்டி இருமுகிறது, இருமிக்கொண்டே இழுக்கிறது. நான் பின்னால் இழுக்கிறேன். கீழ்வீட்டு வக்கீல் பால்கனியில் பேப்பரும் கையுமாக நின்றுகொண்டு, "என்ன தம்பி, இன்னைக்கும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்குதா?" என்று தினமும் கேட்கிறார், தினமும் தானே சிரித்துக்கொள்கிறார். போன வாரம் எனக்குச் சாயங்கால ஷிப்டு, அந்த நேர நடைக்கு உன் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதே, சுற்றாதே என்று தலைதலையாக அடித்துக்கொண்டிருக்கிறேன், சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறாள். மாடிப்படியில் கீழே ஒரு பூனையைப் பார்த்ததும் இது பாய்ந்திருக்கிறது, இவள் நாலு படி உருண்டிருக்கிறாள். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், வீக்கம் வடிந்துகொண்டிருக்கிறது. முட்டியை போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள், நீ அழுதிருக்கிறாய். அழுததோடு விட்டிருக்கலாம். நீயும் உன் அம்மாவும் சேர்ந்து, எனக்குத் தெரியாமல், நாயைத் தள்ளிவிட ஏற்பாடு செய்துவிட்டீர்கள். ஒரு மெஷின் மக்கர் பண்ணினால் தூக்கி அடுத்த வீட்டில் வைத்துவிட்டு வருவதற்குப் பேர் ரிப்பேர் என்று எந்தக் காலேஜில் சொல்லித்தருகிறார்கள்?

நேற்று மதியம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் பாதி மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டை இறக்கிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வருகிறேன், வாசலில் தெரியாத செருப்பு. உள்ளே உன் தோழியின் அண்ணன், வண்ணமீன் கடைக்காரன், பக்கத்தில் மூடி போட்ட கூடை. உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு நொண்டியபடி சமையலறைக்குப் போனாள், அப்போதே விளங்கிவிட்டது. "எங்க வீட்ல தோட்டம் இருக்கு அண்ணே, நல்லா ஓடியாடி விளையாடும்" என்றான். பொய் சொல்ல மாட்டேன், சனியன் ஒழிந்தது என்றுதான் முதலில் தோன்றியது. கை கழுவப் போனேன். திருகாணி கூடைக்குள் போக மறுத்தது, நாலு காலையும் விரித்துக்கொண்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சரி, நடத்தியே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கயிற்றை மாட்டி வெளி வராந்தாவில் இறங்கினான். ஒரு கையில் கூடை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், கடையில் யாருக்கோ தொட்டித் தண்ணீர் மாற்றுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறான். கயிற்றைக் கவனிக்கவே இல்லை, அது நடுவில் தொங்கித் தரையில் புரள்கிறது. அவன் காலோடு ஒட்டி நம் திருகாணி, இழுக்காமல், இருமாமல், வாலை ஆட்டிக்கொண்டு போகிறது!

என் வாய் என்னைக் கேட்காமல் கத்திவிட்டது: "ஏய், கயிறு தொய்யுது, கயிறு தொய்யுது!" அவன் போனைக் கீழே போட்டுவிட்டான். "தொய்ஞ்சா என்ன அண்ணே?" என்றான். அந்தக் கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. லிஃப்டில் கயிறு தொய்ந்தால் பெட்டி எங்கேயோ சிக்கிவிட்டது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடித்து மின்சாரத்தை வெட்டுவதற்கென்றே தனி சுவிட்ச் உண்டு. டிப்ளமோ முடித்த நாளிலிருந்து தொய்ந்த கயிற்றைப் பார்த்தால் எனக்கு ஆபத்து என்றுதான் தோன்றும். இந்தக் குட்டியின் கயிறு ஒரு விரல் அளவு தளர்ந்தாலும் என் கை தானாகச் சுருட்டி இறுக்கியிருக்கிறது, அது ஒரு தடவைகூட எனக்குத் தெரியவில்லை. கழுத்தில் எந்நேரமும் இறுக்கம் இருந்தால் நடப்பது என்றாலே இழுப்பதுதான் என்று அது கற்றுக்கொள்ளும், கற்றுக்கொண்டுவிட்டது, கற்றுக்கொடுத்தவன் நான். நீ அனுப்பிய இருபது வீடியோவில் ஒன்றிலாவது அந்த வெள்ளை பேன்ட் அம்மா இதைச் சொன்னாரா? சொல்லியிருந்தாலும் நான் பாதியில் நிறுத்தியிருப்பேன், அது வேறு விஷயம்.

ஓடிப்போய் அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினேன். "அண்ணே, உங்க பொண்ணு சொல்லித்தான..." என்று இழுத்தான். "பொண்ணு ஆயிரம் சொல்லும், நாய் என்னுது" என்றேன். சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஒரு மாசமா அதைச் சனியன் சனியன்னு திட்டினது யாராம்?" என்று கேட்டாள். "திட்டுவேன், இந்த வீட்ல திட்டறதுக்கு இப்ப வேற யாரு இருக்கா?" என்றேன். வந்தவன் கூடையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கிவிட்டான். உன்மேல் கோபம் என்று நான் ஆரம்பித்ததும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "அவ எதைக் கேக்க வந்தாலும் பாதியிலேயே வேணாம்னுடறீங்க. அப்புறம் கேக்கலை கேக்கலைன்னா? வேணாம்ங்கற பதிலை வாங்கிக்கறதுக்கு ஒருத்தி மெனக்கெட்டு உங்ககிட்ட வருவாளா?" என்றாள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். ஆனால் சாப்பிடும்போது யோசித்துப் பார்த்தேன், நீ கேட்ட அந்த டூருக்கும், இந்தக் காலேஜுக்கும், நான் என்ன சொன்னேன் என்று. அதை எழுதப் போவதில்லை, உனக்கே தெரியும். இருந்தாலும் கேள், கொண்டுவரும்போதும் நீ கேட்கவில்லை, அனுப்பும்போதும் கேட்கவில்லை. இரண்டாவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு மாதம் விடிகாலையில் எழுந்து அதன் பின்னால் ஓடியவனுக்கு, அதை வழியனுப்பும் நேரத்தையாவது சொல்லியிருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகப் படி, நன்றாக இரு, நீ நினைப்பதெல்லாம் நடக்கட்டும், எனக்குத் தெரியாமல் நினைப்பதைத் தவிர. ஹாஸ்டல் அறையில் ஒரே பிளக்கில் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துச் செருகாதே, போன தடவை போட்டோவில் பார்த்தேன், வயர் உருகிப்போய் இருக்கிறது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அப்பா

இனி நான் செய்யப் போவது:

1. பத்து நாளைக்குத் தெரு கிடையாது, வராந்தாவில் மட்டும்தான் நடை. கயிறு தொங்கியபடிதான் இருக்கும். அது இழுத்தால் அப்படியே நின்றுவிடுவேன், திரும்பி என்னிடம் வந்தால் மட்டும் நகர்வேன். ஒரு கையில் கயிறு. இன்னொரு கை சுருட்டப் போகாமல் இருக்க அதை பேன்ட் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

2. முட்டி சரியாகும்வரை உன் அம்மா கயிற்றைத் தொடக் கூடாது. சரியான பிறகும் மணிக்கட்டில் சுற்றக் கூடாது. இதில் பேச்சே இல்லை.

3. மீன் கடைக்காரனுக்குப் போன் போட்டு, பிடுங்கியதற்கு மன்னிப்புக் கேட்பேன். வரச்சொன்னது நீ, அதனால் நீயும் கேட்க வேண்டும்.

4. நீ லீவுக்கு வரும் அன்று அதையும் ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிவருவேன். கூட்டத்தைப் பார்த்து மிரண்டால் வெளியிலேயே நிற்போம், நீ தேடி வா.

5. அடுத்த தடவை நீ எதையாவது கேட்க வந்தால், முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். அதற்கப்புறம்தான் கத்துவேன். அதனால் கேள்.