தன்னையே துரத்திய விமானம்

அன்புள்ள மார்கிட் அம்மாவுக்கு,

இன்று காலை பத்து நாற்பத்திரண்டுக்குப் போனில் செய்தி வந்தது. பதறாதீர்கள், இந்தத் தடவை நல்ல செய்தி. உங்கள் மகளின், என் ஹேசலின், பழைய விமானம் பறக்கலாம் என்று அரசாங்க ஆய்வாளர் அனுமதி கொடுத்துவிட்டார்.

மினசோட்டாவில் இன்னும் பனி உருகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே கலிபோர்னியாவில் எலுமிச்சை பூத்துவிட்டது. விமானக் கொட்டகைக் கதவைத் திறந்தால் அந்த வாசனை உள்ளே வந்து பெயின்ட் நெடியோடு மல்லுக்கு நிற்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். விமானத்தின் என்ஜின் சீராக ஓடுகிறது. என்னைக் கேட்டால், சாப்பிடுகிறேன். பக்கத்துக் கொட்டகை பாபி தினமும் பீன்ஸ் சூப் கொண்டுவந்து வைத்து, "குடிடா வெஸ்லி. எலும்பு தெரியுது. விட்டா இறக்கைச் சட்டம் மாதிரி உனக்கும் துணி போத்தித் தைச்சிருவேன்" என்கிறாள். அறுபது தாண்டியவள். விமானத்தை ஓட்டுவது அவள்தான்.

விடியற்காலையில் சோதிக்க வந்த ஆய்வாளர் விமானத்தைச் சுற்றி வந்து சிரித்தார். இடது பக்கம் முதல் உலகப்போர் ஜெர்மன் படையின் கறுப்புச் சிலுவை, வலது பக்கம் நம் படையின் வட்டம். ஊமைப்படக் காலத்தில் இதை வைத்துப் போர்ப்படம் எடுத்தவர்களுக்கு விமானம் போதவில்லையாம். பக்கத்துக்கொரு படையின் சின்னத்தைப் பெயின்ட் அடித்து, இப்படிப் பறக்கும்போது ஓடுகிறவன், அப்படிப் பறக்கும்போது துரத்துகிறவன் என்று படச்சுருளை வெட்டி ஒட்டிவிட்டார்கள். விமானத்தின் மேல் போர்த்தியிருந்த பழைய துணியை உரிக்கும்போது ஹேசல்தான் கண்டுபிடித்தாள். இரண்டு பக்கமும் அப்படியே இருக்கணும் என்று பிடிவாதம் பிடித்தாள். "கடைசில எந்தப் பக்கம்தாம்மா ஜெயிச்சுது?" என்று ஆய்வாளர் கேட்டார். "டிக்கெட் வித்தவன்தான்" என்றாள் பாபி.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. படுக்கையில் விழுவதற்குள் மூன்று இறக்கைகளுக்குத்தான் ஹேசல் துணி தைத்து முடித்தாள். நான்காவது, வலது பக்கக் கீழ் இறக்கை, துணியில்லாமல் வெறும் சட்டமாகவே நின்றது. நான் என்ஜின்காரன், சட்டைப் பொத்தான்கூடத் தைத்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவள் தலையணை ஒன்றை என் மடியில் வைத்து, வளைந்த ஊசியைக் கையில் கொடுத்தாள். "இழு. இன்னும் இழு. முடிச்சு பாவம், அது உன்னைக் கடிக்காது" என்றாள். மறுநாள் உறை மாற்ற வந்த நர்ஸ், "யாரு இந்தத் தலையணைக்கு ஆபரேஷன் பண்ணது?" என்று சத்தம் போட்டாள். ஹேசல் என்னைக் கைகாட்டிவிட்டுப் போர்வைக்குள் சிரித்தாள். அவள் நம்மை விட்டுப் போன பிறகு அந்த இறக்கையை நான் தைத்தேன். முதல் தடவை எல்லா முடிச்சும் தளர்ந்துபோனது. அவிழ்த்துவிட்டு மறுபடி தைத்தேன். இன்று ஆய்வாளர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நாலும் ஒரே கைதானே?" என்று கேட்டார். நான் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

விமானத்தை உங்கள் ஊர் மியூசியத்துக்குக் கொடுத்துவிடு, கூரையில் தொங்கட்டும், கீழே அவள் பெயர் இருக்கட்டும் என்றீர்கள். "இன்னொருத்தரை இழக்க எனக்குத் தெம்பில்லப்பா" என்றும் சொன்னீர்கள். அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். உங்கள் குரல் அப்படியே ஹேசல் குரல். அதில் வேண்டாம் என்று வந்தால் எனக்கு மறுக்கத் தெரியாது.

மதியம் பாபி தனியாக ஒரு சுற்றுப் போய்ப் பத்திரமாக இறங்கிவிட்டாள். அடுத்த சுற்றில் துணி தைத்தவர் முன்சீட்டில் ஏற வேண்டும். இந்த ஓடுதளத்தில் யாரும் மீறாத வழக்கம் அது. தைத்தவள் இல்லையே, அவள் எடைக்கு மணல் மூட்டை வைத்துக்கொள் என்றேன். பாபி கையுறையைக் கழற்றி என் மேல் எறிந்தாள். "மணல் மூட்டையாடா நாலாவது இறக்கையைத் தைச்சுது? ஏறு. வாயை மட்டும் மூடிக்க, இந்தப் பழைய என்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊத்தறது, மூஞ்சில தெறிக்கும். உள்ள போச்சுன்னா விடிய விடியக் கக்கூஸ்தான்" என்றாள்.

சிரித்துவிட்டேன் அம்மா. சத்தமாக. அது என் சத்தம்தானா என்று எனக்கே சந்தேகம்.

காற்று இப்போது அடங்கியிருக்கிறது. பறப்பதற்கு முன்பே வாசல் தபால்பெட்டியில் இதைப் போட்டுவிடுகிறேன். உங்கள் கைக்கு வரும்போது நான் இறங்கி மூன்று நாளாவது ஆகியிருக்கும். கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் பனி உருகியதும் ஒருமுறை வாருங்கள். அவள் தைத்ததையும் நான் தைத்ததையும் தொட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மியூசியம்தான் என்றால், நானே பிரித்துக் கட்டி அனுப்புகிறேன்.

அதுவரை ஹேசலையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகன்,
வெஸ்லி

பி.கு. பாபி கூப்பிடுகிறாள். ஆஸ்பத்திரி நாட்களிலிருந்து, என்ன செய்தி வருமோ என்று என் போனைத் தூங்கும்போதுகூட அணைக்காமல் வைத்திருந்தேன். இப்போது அதை அணைத்துவிட்டேன்.