நடவுக்கு அடித்த பறை

வைக்கோல் எரிகிற வாசனை. இந்த நகரத்தில் வைக்கோல் ஏது என்று ஜன்னலைத் திறந்தேன். எதிர்ச் சந்தில் யாரோ இறந்திருக்கிறார்கள். நான்கு பேர் குந்தி உட்கார்ந்து பறையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை மூடினேன். சூடேறும் தோலின் வாசனை அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. களைப்பாக இருக்கிறது. உன்னிடம் பேசினால் தேவலை என்று தோன்றியது.

நம் ஊருக்கு விவசாய இலாகா வேன் வந்த சாயங்காலம் அது. பள்ளிக்கூடச் சுவரில் வேட்டியைக் கட்டி ஜப்பான் நடவுப் படம் காட்டினார்கள். கயிறு பிடித்து வரிசையாக நட்டால் கூடுதலாக விளையும் என்று ஆபரேட்டர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் வரிசையைப் பார்த்தார்கள். நீ மேளத்தைப் பார்த்தாய். அகலத் தொப்பி போட்ட பெண்கள் குனிந்து நட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், சேற்றுக்குள்ளேயே, ஆண்கள் இடுப்பில் மேளம் கட்டி நின்றார்கள். குச்சியை மேலே எறிந்து பிடித்து அடித்தார்கள். ஒருவர் குழல் ஊதினார். பெண்கள் குனிந்தபடியே பாடினார்கள்.

"யாருமே சாகலடா," என்றாய் என் காதில். "ஆனா அடிக்கிறானுவ."

நம் ஊரில் பறை என்றால் சாவு. பெரிய பண்ணை வீட்டுச் சாவுகளுக்கு உன் அப்பா அடித்தார். நீ அடிக்கக் கூடாது என்றுதான் உன்னைப் படிக்க அனுப்பினார். குத்தாலத்தில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போனவர்கள் ஊரிலேயே நாம் இரண்டு பேர்.

படம் முடிந்ததும் ஆபரேட்டரிடம் போனாய். "சார், மேளம் வர்ற இடத்த இன்னொரு தரம் போடுங்க."

"நடவப் பாரு தம்பி. மேளத்தப் பாக்காத."

போட்டார். விளக்கம் சொல்கிற குரல்தான் பெரிதாகக் கேட்டது. மேளம் அதற்கு அடியில் எங்கோ இருந்தது.

ஆற்றில் தண்ணீர் வந்தது. எங்கள் குத்தகை வயலில் ஜப்பான் நடவைப் போட்டுப் பார்க்க என் அப்பா முடிவு செய்திருந்தார். மேளமும் இருக்கட்டும் என்று கேட்டாய்.

"நல்ல காரியத்துல சாவு மேளமா? நாத்து வேர் புடிக்குமாடா?"

"ஜப்பான்ல புடிச்சிருக்குங்களே."

அப்பா சிரித்துவிட்டார். அப்படித்தான் நடந்தது அது.

நடவன்று நீ அடிக்கத் தொடங்கியதும், நட்டுக்கொண்டிருந்த உன் அத்தை அஞ்சலை நிமிர்ந்தாள். "ஏண்டா மருமவனே, எந்தக் கெழவனத் தூக்கப் போறோம்? கை வர மாட்டேங்குதே."

வயல் முழுக்கச் சிரிப்பு. உனக்குத் தெரிந்த அடியெல்லாம் சாவு அடி. நிறுத்தினாய். அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். நாற்றைப் பிரித்து, குத்தி, ஒரு கால் பின்னால். அதற்கு மெல்ல ஓர் அடி. வரிசை முடிந்தால் வலுவாக இரண்டு. அப்போது கயிற்றின் முனையைப் பிடித்திருந்த நான் ஒரு சாண் பின்னால் நகர்த்த வேண்டும். "கயிறு" என்று கத்தச் சொல்லியிருந்தார் வேன்காரர். உன் அடியே போதும், யாரும் கத்தவில்லை. வெயில் ஏறுவதற்குள் அஞ்சலை பாட்டே கட்டிவிட்டாள். ஜப்பான்காரன் பொண்டாட்டிக்குத் தொப்பி, எனக்கு யார் வாங்கித் தருவா என்று.

"இனிமே இது நடவு மேளம்," என்றாய் கரையேறி.

பிறகு நான் பல்கலைக்கழக நூலகத்தில் படித்தேன். நாம் படத்தில் பார்த்தது வயல் தெய்வத்தைக் கூப்பிடுகிற திருவிழாவாம். எல்லா நடவும் அங்கே அப்படி இல்லை. அங்கேயும் பண்ணை இருந்திருக்கிறது, குத்தகை இருந்திருக்கிறது. இதை உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

தேர்தலுக்கு நம்ம ஆட்சி என்று எழுதிய சுவரெழுத்து அந்த நடவு வருஷம் இன்னும் அழியவில்லை. உங்கள் தெருமுனையில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கூலி உயர்த்திக் கேட்டால் பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. அந்த நேரத்தில்தான் பண்ணை வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். பண்ணையின் காரியக்காரர் வந்து உன் அப்பாவைக் கூப்பிட்டார். உன் அப்பா பறையை எடுத்தார். நீ பிடித்துக்கொண்டாய்.

"வேணாண்டா. நாளைக்கு நம்ம சனத்த வயல்ல எறங்க விடமாட்டாங்க."

நீ காரியக்காரரிடம் திரும்பினாய். "பாடைக்குப் பின்னால நான் வரேங்க. மேளம் வராது."

மறுநாள் வாய்க்கால் கரையில் பண்ணை ஆட்கள் உன்னை மடக்கினார்கள். பறையைக் கிழித்தார்கள். நெஞ்சில் மிதித்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை. வழக்கு நடக்கிறது என்கிறார்கள். நடந்துகொண்டே இருக்கிறது.

உன்னை எடுக்கும்போது பக்கத்து ஊர் மேளத்தைக் கூப்பிடலாமா என்று கேட்டார்கள். உன் அப்பா வேண்டாமென்று தலையை ஆட்டினார். "சாவுக்கு அடிக்க மாட்டேன்னு சொன்னான்ல." மேளமில்லாமல் போனோம். வழியில் எங்கள் வயல். கதிர் வாங்கியிருந்தது. வரிசைகள் நேராக இருந்தன.

கீழே அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சாவு அடிதான். ஆனால் இடையில் வலுவாக இரண்டு விழும்போதெல்லாம், மேஜை மேலிருக்கிற என் கை ஒரு சாண் பின்னால் நகர்கிறது.