வெல்லக்கட்டி வைக்கும் கை

3 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல டீயும் பன்னுமாக ஓட்டுகிறாயா? இளைத்துக்கொண்டு வந்து நின்றால் உதைதான் விழும்.

குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்த நாள் பார்த்தாயிற்று. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கம்பி இறங்கியதும் பிள்ளையின் அழுகையை அடக்க வாயில் வெல்லக்கட்டி வைப்பதும் மாமன் கைதான். அப்பா அம்மா இல்லாத குறை தெரியாமல் நீதான் முன்னால் நிற்க வேண்டும். போன முறை பயல் உன் மூக்கைப் பிடித்து இழுத்தானே, இப்போது யாரைக் கண்டாலும் அதே வேலைதான்.

ஒரு சின்ன விஷயம். வருகிறவர்கள் கேட்டால் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல். எந்தப் பிரிவு என்றெல்லாம் விளக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா

9 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிணவறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை செய்யும் பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னடா தனியா சிரிக்கிற? உள்ள இருக்கறவன்தான் எழுந்துட்டானோன்னு பயந்துட்டேன்" என்றார். மருமகனுக்குக் காது குத்து என்றேன். அவருக்கும் வாயெல்லாம் பல்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் பச்சைச் சட்டை ஒன்றும் சிவப்புக்கல் கடுக்கனும் வாங்கிவிட்டேன். சட்டை கொஞ்சம் பெரிதுதான். வளர்கிற பிள்ளைதானே.

யாராவது துருவிக் கேட்டால் ஏ.சி. போட்ட பிரிவு என்று சொல்கிறேன், போதுமா? ஆனாலும் அக்கா, உன் மாமனார் எங்கள் ஆஸ்பத்திரியில் இறந்தபோது பெற்ற மகனான மாமாவே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார். உன் மாமனாரைக் குளிப்பாட்டி, முகம் துடைத்து, வேட்டி கட்டிவிட்டது நான். அப்போது எந்தப் பிரிவு என்று யாரும் கூச்சப்படவில்லை. சரி, போகட்டும். உனக்காக வாயை மூடிக்கொள்கிறேன்.

உன் தம்பி

18 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

இதை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. போனில் பேசினால் வீட்டில் எல்லோர் காதும் இங்கேதான் இருக்கும்.

அத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "பொணத்தைத் தொடற கையால பிள்ளை வாயில வெல்லம் வைக்கறதா? நினைச்சாலே குமட்டுது" என்று ஒரே பிடிவாதம். நான் என்ன செய்வேன், சொல்? மாமியார் பேச்சை மீறி இந்த வீட்டில் ஒரு காரியம் நடக்குமா? பெரியப்பா மகனும் பிள்ளைக்கு மாமன் முறைதானே, அவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவாகிவிட்டது. கார் ஷோரூம் வைத்திருப்பவர், நாலு பேருக்கு முன்னால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

நீ கட்டாயம் வர வேண்டும். சீர்த்தட்டைக் கொண்டுவந்து வை, முதல் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. கோபித்துக்கொள்ளாதே, என் ராஜா இல்லையா?

அன்புடன்,
அக்கா

26 மார்ச்

அக்காவுக்கு,

படித்ததும் எனக்குத்தான் குமட்டியது. தண்ணீரில் ஊறி உப்பிய உடம்புகளைத் தூக்கியிருக்கிறேன். சோறு இறங்காத நாட்கள் உண்டு. அதெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். இது போகவே மாட்டேன் என்கிறது. பெரியப்பா மகனாம்! அப்பா காரியத்துக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலோடு போன ஆள். அவர் மடி சுத்தம், என் கை அசுத்தம். தூ!

பொறுக்க முடியாமல் உன் மாமியாருக்கே போன் போட்டேன். உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. "என் கை உங்களுக்கு அருவருப்பா இருந்தா நேராவே சொல்லிடுங்க அத்தை" என்றேன்.

அந்தம்மா, "யாருப்பா அப்படிச் சொன்னது? பெத்த பிள்ளையே தொடப் பயந்து நின்னப்ப, என் வீட்டுக்காரரைக் குளிப்பாட்டினது உன் கை. காது குத்தற நேரத்துக்கு உனக்கு லீவு கிடைக்கலை, பந்திக்குத்தான் வருவேன்னுதானே உங்கக்கா சொன்னா?" என்றார்.

அக்கா, யாருக்குக் குமட்டியது?

தம்பி

2 ஏப்ரல்

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குத்தான்.

அத்தை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மாமன் வராமல் காது குத்தே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

போன முறை நீ பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனதும் வெந்நீர் போட்டு அவனை இரண்டு தடவை குளிப்பாட்டினேன். நீ குடித்த டம்ளரைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். நீ எவ்வளவு சுத்தமானவன் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும், உன் விரல் அவன் உதட்டில் படுவதை நினைத்தாலே உடம்பெல்லாம் கூசுகிறது. சின்ன வயதில் உன் வாந்தியைக் கையால் அள்ளியிருக்கிறேன், அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது ஏன் இப்படி ஆனேன் என்று எனக்கே விளங்கவில்லை. என்னைக் கண்டாலே எனக்குப் பிடிக்கவில்லை.

வந்துவிடு. நீயே மடியில் வைத்துக்கொள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. கையுறை போட்டுக்கொண்டு வெல்லம் வைக்கலாமா? இப்போதெல்லாம் சமையல்காரர்கள்கூடப் போடுகிறார்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

உன் அக்கா

7 ஏப்ரல்

அக்காவுக்கு,

வருகிறேன்.

கையுறை பிணங்களுக்குப் போடுகிறேன். பிள்ளைக்குப் போட மாட்டேன். அவனை மடியில் வைத்து, வெல்லத்தை வெறும் கையால்தான் ஊட்டுவேன். அது நீ பார்த்துக் கொடுக்கிற சலுகை இல்லை, அவனுக்கும் எனக்கும் உள்ள உரிமை. உன்னால் பார்க்க முடியாவிட்டால் உள்ளே போய் இருந்துகொள்.

அவன் அழுகை நின்றதும் அத்தை கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். பந்தியில் எனக்கு இலை போடாதே. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் என்றால் நாலு நாளில் ஆறிவிடும். நீ பரிமாறினால் இனி ஒரு வாய் எனக்கு இறங்காது. என்ன செய்ய, எனக்கும் குமட்டுகிறது.

இனிமேல் நீ எழுத வேண்டாம். அவனுக்கு எழுதத் தெரிந்ததும் அவன் எழுதட்டும்.

இப்படிக்கு,
உன் மகனின் தாய்மாமன்