சிவப்புக்கு வராத தோணி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் மாமாவிடம். இது செத்துப்போன என் அப்பாவுக்கு எழுதுவது.

சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்து திட்டு வாங்குகிற என் அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் இப்போது லாஸ்பேட்டையில் மாமா வீட்டில் இருக்கிறோம். இங்கே குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் கொட்டுகிறது. நம் தீவில் ஒரு குடம் குடிதண்ணீருக்கும் நீ தோணி தள்ளினாய். அதை நினைத்தால் குடிக்கப் பிடிக்கவில்லை.

நாளைக் காலை உன் சாவை விசாரிக்க ஓர் அதிகாரி வருகிறார். சாப்பிடும்போது மாமா சொன்னார்: "உங்கப்பன் குடிச்சிட்டு சவுக்குத் தோப்புல கெடந்தான், பாம்பு கடிச்சதே அவனுக்குத் தெரியலன்னு சொல்லு."

"அப்பா குடிக்கல மாமா."

"செத்தவனுக்கு இனிமே என்னடி மானம்? இருக்கறவன் பொழைக்க வேணாம்?"

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

மாமா படகு ஓட்டும் விடுதியில், சுற்றுலாக்காரர்கள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நம் கரை முழுக்கக் கலர் துணி கட்டச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? "செவப்பு மட்டும் வேணாம் மச்சான்" என்றாய். மாமா சிரித்தார். "செவப்புதான் மச்சான் போட்டோவுல எடுப்பா இருக்கும்." நீ கடலுக்குப் போன பிறகு கட்டினார். துணியை எடுத்து எடுத்துக் கொடுத்தது நான். பார்க்க அழகாக இருந்தது அப்பா. உன்னிடம் அதை நான் சொல்லவே இல்லை.

நம் வழக்கம் எனக்குத் தெரியாதா? கம்பத்தில் சிவப்புச் சேலை ஏறினால் யாருக்கோ உயிர் போகிற ஆபத்து, எதிர்க்கரைக்காரர்கள் கேள்வி கேட்காமல் தோணி எடுக்க வேண்டும். வெள்ளை ஏறினால் சாவு.

உன் காலில் விரியன் கடித்த அன்று மற்ற ஆண்கள் கடலில், பெண்கள் மீன் விற்க டவுனில். நமக்குத்தான் கரண்ட் கிடையாதே, போன் எல்லாம் எதிர்க்கரை டீக்கடையில் சார்ஜில் கிடந்தது. தண்ணீர் வடிந்து நம் தோணி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. எதிர்க்கரையில் ஆழம். அங்கே தோணிகள் மிதந்துகொண்டுதான் இருந்தன.

அம்மாவின் சிவப்புச் சேலையை ஏற்றினேன். "வந்துடுவாங்க, பயப்படாத பாப்பா" என்று கடிபட்ட நீ எனக்குத் தைரியம் சொன்னாய். அக்கரையில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. விடுதிச் சட்டை. மாமாதான். நான் இன்னொரு அலங்காரம் கட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்குக் கை ஆட்டினார்.

பிறகு நீ பேசவில்லை. சிவப்பை இறக்கி உன் வெள்ளை வேட்டியை ஏற்றினேன். கொஞ்ச நேரத்திலேயே மூன்று தோணி வந்தது அப்பா. உயிரோடு இருந்தவனுக்கு ஒன்றுகூட வரவில்லையே?

போன வாரம் படகுத்துறைக்குப் போனேன். நம் கரையில் துணிகள் இன்னும் ஆடுகின்றன. வெளுத்ததை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். நீ குடிக்கவில்லை என்றும், துணி கட்டியது மாமா, எடுத்துக் கொடுத்தது நான் என்றும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எங்களுக்கு இடம் இருக்காது. அம்மா என்னை மன்னிப்பாளா? தெரியவில்லை. ஆனாலும் உன்னைக் குடிகாரன் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
சிவப்பையும் வெள்ளையையும் ஏற்றிய உன் மகள்

கதவு தட்டும் சத்தம். "என்னடி, இன்னும் லைட்டு எரியுது?" மாமா குரல். நோட்டை ஒளிக்க வேண்டும்.