முன்னதாக வந்த சிவப்பு

2025 ஜனவரி 6, திங்கள்

பூபாலனிடம் கையெழுத்துக் கேட்டுப் போகப்போவதில்லை. எனக்கு ஆறு ஆண்டு கழித்துக் கல்லூரியில் சேர்ந்தவன், இன்று துறைத் தலைவர். "ஆற்றில் சாயம் ஊற்றிச் சோதனை செய்யப்போகிறேன், மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குத் தகவல் அனுப்ப உங்கள் ஒப்பம் தேவை" என்று அந்த நாற்காலிக்கு முன்னால் ஐம்பத்துமூன்று வயதில் நான் நிற்க வேண்டுமா? தகவல் போகாவிட்டால் ஆறு ஓடாதா?

புதன்கிழமை தடுப்பணைக்குக் கீழே ரோடமின் ஊற்றுகிறோம். தீங்கில்லாத சிவப்புச் சாயம். அது எவ்வளவு நேரத்தில் பாலத்தை எட்டுகிறது, சேறு எவ்வளவை உறிஞ்சிக்கொள்கிறது என்று பார்த்துவிட்டால், நாளை எவனாவது கழிவைத் திறந்துவிடும்போது அது எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேரும் என்று கணக்குச் சொல்லலாம். சாயத்தை அளக்கும் நல்ல கருவி பூபாலன் அறையில் பூட்டிக் கிடக்கிறது. எனக்கு விட்டுவைத்திருப்பது பழையது, கண் மங்கியது. அதனால் சாயத்தை இரண்டு மடங்கு ஊற்ற வேண்டும்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் அன்புசெல்வி, "பூபாலன் சார் போன வருசம் எடுத்த ஆத்து அளவுகள வச்சு ஒரு தடவ கணக்குப் போட்டுப் பாப்பமா சார்?" என்றாள். பாலத்துக்கு மேலேயுள்ள மடு முழுக்கச் சேறு மேடிட்டுவிட்டது என்பது அவன் கண்டுபிடிப்பு. அவன் ஆற்றில் கால் வைத்திருப்பானா? கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருப்பான். என் கணக்கு, நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அளந்த பழைய அளவுகளில்தான் நிற்கிறது. காலையில் ஊற்றினால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாலம். வேண்டாம் என்றேன்.

ஜனவரி 8, புதன்

ஒன்றும் புரியவில்லை.

காலை ஏழுக்கு ஊற்றினோம். மதியம் நிதானமாகப் பாலத்துக்குப் போனால், கூட்டம் கலைந்துகொண்டிருக்கிறது. டீக்கடைக்காரர் ஓடிவந்தார். "பத்து மணிக்கு வந்திருக்கோணுமுங்க சார். ஆறே ரத்தமாட்டப் போச்சு! அத்தன பேரும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்புல உட்டுட்டாங்க. அதிகாரிக ஜீப்புல வந்து பாட்டில்ல புடிச்சுட்டுப் போறாங்க."

பத்து மணிக்கா? எங்கள் சாயம் அப்போது மடுவில் பாதிகூடத் தாண்டியிருக்காதே.

இருட்டும்வரை பாலத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் சிவப்பு வரவேயில்லை. பழைய கருவி மட்டும் மதியத்திலிருந்து ஏதோ கொஞ்சம் காட்டியது, அதுவும் குறைந்துகொண்டே போனது. அது அழுக்குத் தண்ணீரையே சாயம் என்று சொல்லும் கருவி. "நம்மது முன்னாடியே போயிருச்சோ சார்?" என்றாள் அன்புசெல்வி. சேறு குடித்திருக்கும் என்றேன்.

வர வேண்டிய சிவப்பு வரவில்லை. வரக்கூடாத நேரத்தில் ஒரு சிவப்பு வந்திருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?

ஜனவரி 9, வியாழன்

பாலத்துக்கு மிக அருகில் இருப்பது தங்கதுரையின் சாயப்பட்டறை. நேற்று மாலையே மின்சாரத்தைத் துண்டித்துச் சீல் வைத்துவிட்டார்களாம். நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 10, வெள்ளி

தங்கதுரை என் சித்தப்பா மகன். இருபது வருடத்துக்கு முன்னால் அவன் பட்டறைத் தண்ணீர் எங்கள் கிணற்றுக்குள் ஊறியது. முதலில் தென்னை குரும்பை உதிர்த்தது, பிறகு மட்டை காய்ந்தது. அப்பா கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு அவன் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பதில் இல்லை. நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்தோம். வாங்கியவனும் அவன் கூட்டாளிதான்.

அதனால் இப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தால் அது தப்பா?

இருக்கிறதா என்றும் தெரியவில்லை. காலையிலிருந்து அந்தப் பத்து மணிதான் மண்டைக்குள் சுற்றுகிறது. ஒருவேளை நம்முடையதுதானோ? எப்படி? அந்த மடுவைத் தண்ணீர் மூன்று மணி நேரத்தில் தாண்டுமா? தாண்டாது. நானே அளந்த மடு.

மனைவி பரிமளா என் சட்டைக் கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது என்ன கறைங்க, போகவே மாட்டீங்குது?" என்றாள். ஆய்வகத்து இங்க் என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

தங்கதுரை வந்தான். வீட்டுக்கே.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான். பரிமளா கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தான். தலை நரைத்துவிட்டது. சாயம் போடுகிறவன் தன் தலைக்குப் போடவில்லை.

"அண்ணா, அன்னைக்கு என்ற பட்டறைல அஞ்சு மிஷின்லயும் கருப்புத்தானுங்ணா ஓடுச்சு. செவப்புத் துணியே போடலீங்ணா. சொன்னா அதிகாரிக சிரிக்கறாங்க. கருப்ப ஊத்துனா செவப்பா வருமாங்ணா?"

நாற்காலியைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை.

"நீங்க தண்ணியவே படிச்சவருங்ணா. நம்ம சண்டை நம்மோட இருக்கட்டும். வந்து பாத்து, இது இன்ன எடத்துல இருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்ணா. அறுவது பேருங்ணா. பாதி ஒரிசாப் பசங்க, ஊருக்குப் போறம்ங்கறாங்க. போனா வர மாட்டாங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா நான் திரும்ப எந்திரிக்க முடியாது."

அவனுக்குத் தெரியாது. யாரிடம் வந்து கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பார்க்கலாம் என்றேன். எதைப் பார்க்கலாம்?

அவன் போன பிறகு பரிமளா என் முகத்தையே பார்த்தாள். "அந்த இங்க்கும் செவப்புதானுங்களே?"

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பரிமளா பேசவில்லை. நானும்.

ஜனவரி 17, வெள்ளி

பாலத்தூணில் நவம்பரிலிருந்து ஒரு லாகர் கட்டிவைத்திருக்கிறோம். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று தானாகவே பதிந்துகொண்டிருக்கும் கருவி. சாயப்பட்டறைக் கழிவென்றால் உப்பு எகிற வேண்டும், துணியில் சாயம் பிடிக்க அத்தனை உப்புக் கொட்டுவார்கள். ரோடமினில் உப்பு கிடையாது. ஆக, எந்தச் சிவப்பு என்பது அந்தத் தூணில் எட்டாம் தேதியிலிருந்தே கட்டிக் கிடக்கிறது. எனக்குத் தெரியாமலா? ஒன்பது நாளாக நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. இன்று அன்புசெல்வி என்னிடம் கேட்காமலே எடுத்துவந்துவிட்டாள்.

"சார், பத்து மணிக்குப் பாருங்க. கோடு படுத்தே கெடக்கு. உப்பே இல்ல. அது நம்மதான் சார்."

நான் கருவியைச் சந்தேகித்தேன். அவள் விடவில்லை. "கருவி நல்லாத்தான் இருக்கு. இங்க பாருங்க, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மல மாதிரி எந்திரிக்குது."

உண்மைதான். நவம்பரிலிருந்து அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும், அதிகாரிகள் வராத நாளில், உப்பு வருகிறது. எவனோ வாரா வாரம் திறந்துவிடுகிறான். எவன்? அந்த நீளத்தில் நான்கு பட்டறைகள். தங்கதுரையுடையதும் ஒன்று.

எட்டாம் தேதிக் கோட்டைக் காட்டினால் அவன் தப்பிப்பான், நான் மாட்டுவேன். முழுக்கோட்டையும் காட்டினால் ஒருவேளை அவனும் மாட்டுவான். மாட்ட வேண்டும் என்றுதானே இருபது வருடம் காத்திருந்தேன்? பிறகு ஏன் இத்தனை யோசனை? எனக்கு என்னதான் வேணும்? எனக்கே தெரியல.

ஜனவரி 18, சனி

பூபாலனின் அளவுகளைத் துறைக் கணினியிலிருந்து இறக்கினேன். என் பழைய அளவுகளை எடுத்துவிட்டு அவற்றைப் போட்டேன். மடு இப்போது மடு இல்லை, முழங்காலுக்கும் கீழே ஒரு சேற்றுத் திட்டு. தேங்கி நிற்க இடமில்லாமல் ஓரமாக ஒரு வாய்க்கால் போல் தண்ணீர் விரைந்து ஓடுகிறது.

கணக்கு பத்து மணி என்று சொன்னது.

அவன் ஆற்றில் இறங்கித்தான் இருக்கிறான்.

ஜனவரி 20, திங்கள்

தங்கதுரையின் பட்டறைக்குப் போனேன். உள்ளே சத்தமே இல்லை. மிஷின்களுக்கு நடுவே நைலான் கயிற்றில் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்தச் சிவப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒரே மூச்சில், தரையைப் பார்த்து.

அவன் கயிற்றிலிருந்து நழுவிய ஒரு லுங்கியை எடுத்துப் போட்டான். பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பு. "ஏனுங்ணா, நீங்க ஊத்துனதுக்கு என்ற கரண்ட்டப் புடுங்கிட்டாங்களா? நான் ஊத்துனப்பக்கூட இந்தளவுக்கு ஆகலீங்களே!"

இருபது வருடத்தில் அவன் ஒப்புக்கொண்டது இந்த ஒரு வார்த்தைதான். அதையும் கேலியாகச் சொன்னானா, மெய்யாகச் சொன்னானா?

லாகரைப் பற்றிச் சொன்னேன். முகம் மாறியது. "அந்த ஒரு நாளு மட்டும் குடுங்ணா, போதும். ஞாயித்துக்கெழமக் கதையெல்லாம் எதுக்குங்ணா இப்ப?"

"நீ விடுகிறாயா?" என்று கேட்டேன்.

"நாலு பட்டறை இருக்குதுங்ணா" என்றான்.

இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த மூன்று வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

பூபாலன் அறை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லாகரின் பதிவை முழுதாகக் கொடுத்தேன், ஞாயிறுகளையும் சேர்த்து. வெட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பழிவாங்கலும் அதில் கொஞ்சம் இருக்கலாம்.

"உக்காருங்க சார்" என்றான். "மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கூட வந்து ஊத்தியிருப்பனே."

குத்தலா, அன்பா? அவன் குரலில் எனக்கு எப்போதுமே வித்தியாசம் தெரிந்ததில்லை.

அதிகாரிகளுக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் கடைசியில் தன் கையெழுத்தையும் போட்டான்.

பிப்ரவரி 3, திங்கள்

தங்கதுரைக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆர்டர் பாதி கைவிட்டுப் போயிற்றாம். எனக்குக் கல்லூரியிலிருந்து ஒரு மெமோ. ஞாயிற்றுக்கிழமை உப்பைப் பற்றி, "விசாரணையில் உள்ளது".

நான் சொல்வது உண்மைதானா என்று பார்க்க, அதிகாரிகள் சோதனையை முன்னறிவிப்போடு மறுபடி செய்துகாட்டச் சொல்கிறார்கள். எல்லாப் பட்டறைகளுக்கும் நோட்டீஸ் போகுமாம். ஊருக்குள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்களாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆட்டோ எங்கள் தெரு வழியாகவும் போனது. "பொதுமக்கள் கவனத்திற்கு! நாளை ஆற்றில் சிவப்பு நிறத் தண்ணீர் வரும். அது ஆராய்ச்சி. யாரும் பயப்பட வேண்டாம்." பரிமளாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறாள்.

பிப்ரவரி 19, புதன்

பாலத்தில் தேர் பார்க்க வந்தது போல் கூட்டம். ஒரு அதிகாரி, கையில் அட்டையும் பேனாவும். பூபாலன் மேலே தடுப்பணையில் நின்று ஊற்றினான், நானும் அன்புசெல்வியும் பாலத்தில். தங்கதுரை காலையிலேயே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான். ஏன் என்று கேட்கவில்லை.

பத்துக்குச் சற்று முன்னால் சிவப்பு வந்தது. கைதட்டினார்கள். என் வாழ்நாளில் என் கணக்குக்கு யாரும் கைதட்டியதில்லை. அது என் கணக்கும் இல்லை.

சிவப்பு மெல்ல வெளுத்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு கருநீலம் வந்தது. பிறகு சுத்தக் கருப்பு. அன்புசெல்வி உப்பளவை உரக்கப் படித்துக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

யாரும் பயப்பட வேண்டாம் என்று நாங்களே மைக் வைத்துச் சொன்ன நாள். கழிவைத் திறந்துவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாள் எப்போது கிடைக்கும்?

"சார், கருப்பும் உங்குளுதுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். மறுபடி கைதட்டல்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "எல்லாம் டெஸ்ட்தானுங்களே சார்?"

"கருப்பு என்னுடையதில்லை. அப்படியே எழுதுங்கள்."

"அப்ப யாருதுன்னு எழுதறதுங்க?"

கருப்பு எல்லாப் பட்டறையிலும் ஓடுகிற நிறம். நான் தங்கதுரையைப் பார்த்தேன். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் காலைலருந்து இங்கதானுங்ணா நிக்கறன், பாத்துக்கங்க" என்றான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றுமே இல்லாதவனுக்கு அப்படி நிற்கத் தோன்றுமா? பயந்தவனுக்குத் தோன்றும். செய்தவனுக்கும் பயம் உண்டு, செய்யாமல் மாட்டிக்கொண்டவனுக்கும் உண்டே.

"தெரியாது என்று எழுதுங்கள்" என்றேன். அவர் எழுதினார்.

தங்கதுரை கடையிலிருந்து வாங்கிவந்த பேப்பர் கப்பை நீட்டினான். "டீ ஆறுதுங்ணா."

இத்தனை வருடத்தில் அவன் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கியதில்லை. வாங்கினேன். கீழே கருப்பு போய்க்கொண்டே இருந்தது. யாருடையது என்று தெரியாமலே குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.